பெல்ட் வரிசை

வாசலில் குனிந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.
ஆளே இல்லாத கூடத்துக்கும் அந்த வணக்கம் உண்டு.
கழற்றிய செருப்புகளின் மூக்கு வெளியே பார்க்க வேண்டும்.
முப்பது ஜோடி சின்ன ரப்பர் செருப்புகளுக்கு நடுவே
என் பூட்ஸ்,
கன்றுகளோடு அடைத்துவிட்ட இரண்டு எருமைகள்.

நேற்று இங்கே யாருக்கோ கல்யாணம்.
ரச வாசனை இன்னும் போகவில்லை.
மேடையில் தெர்மோகோல் எழுத்துகள் உதிர்ந்து
மாப்பிள்ளை பெயரில் பாதிதான் மிச்சம்.
பெல்ட் பரீட்சைக்கு வரவேண்டிய மாஸ்டர்
மேட்டுப்பாளையம் ரோட்டில் பனிமூட்டத்தில் நிற்கிறாராம்.
குதிகால்மேல் உட்கார்ந்து காத்திருந்தோம்.
கோத்தகிரிக் குளிர் சிமெண்டுத் தரை வழியாக
நாற்பத்து நான்கு வயது முழங்காலுக்குள் ஏறியது.
முகம் சுளித்தால் மார்க் போய்விடும்.

வரிசை உயரப்படி இல்லை, வயதுப்படி இல்லை.
வலக்கோடியில் பிரவுன் பெல்ட்.
பிறகு நீலம், பச்சை, ஆரஞ்சு, மஞ்சள்,
மூக்கொழுகும் இரண்டாம் வகுப்பு வெள்ளைகள்.
அவர்களுக்கும் அப்பால், கதவோரம்,
ஏட்டு ஞானசிகாமணி. நான்.

ஆரஞ்சில் யக்‌ஷிதா.
காய்கறி வேன் போஜனின் மகள், ஆறாம் வகுப்பு.
வியாழக்கிழமை இரவு கட்டபெட்டுப் பக்கம்
அந்த வேனை நிறுத்தினேன்.
வலது பின்விளக்கு எரியவில்லை.
ஐந்நூறு ரூபாய். அது சட்டம்.
அதற்குப் பிறகு நான் பேசியது எந்தச் சட்டத்திலும் இல்லை.
கேரட் மூட்டைகளுக்கு முன்னால்
அப்பாவுக்கும் கியருக்கும் அந்தப் பக்கம்
இவள் உட்கார்ந்திருந்ததைக்
கடைசியில்தான் பார்த்தேன்.

என் முடிச்சு அவிழ்ந்தது.
கட்டப் போனேன்.
"முன்னாடி பார்த்துக் கட்டக்கூடாது.
சுவர்ப் பக்கம் திரும்பிக் கட்டணும்" என்றாள்.
"ஓஸ்" என்றேன்.

மாஸ்டர் வந்தார். எல்லோரும் குனிந்தார்கள்.
என் கை மட்டும் நெற்றிக்குப் போய் விறைத்தது.
வெள்ளைகள் சிரித்தன.
சிரித்ததற்குப் பத்து தண்டால்,
சல்யூட்டுக்கு இருபது.

ஜோடி பிரித்ததில் எண்ணிக்கை உதைத்தது.
மிஞ்சியவர்கள் அவளும் நானும்.
ஒரே குத்து. ஒரு விரல் முன்னால் நிற்க வேண்டும்,
தொடக்கூடாது.

முதலில் அவள்.
கத்தல் தகரக் கூரையில் மோதித் திரும்புவதற்குள்
முஷ்டி என் மூக்கடியில் வந்து நின்றது.
பேனா மை. கடித்த கட்டைவிரல் நகம்.
நடுக்கம் இல்லை.
மூன்று எண்ணும்வரை அங்கேயே வைத்திருந்தாள்.
ஒன்றுதான் எண்ண வேண்டும்.

பிறகு நான்.
நின்றிருக்க வேண்டும்.
அவள் கழுத்தெலும்பில் பட்டது.
பலமாக இல்லை. பட்டது.

எதிராளிக்கு அடிபட்டால்
அடித்தவன் முதுகைக் காட்டி மண்டியிட வேண்டும்,
கூப்பிடும்வரை திரும்பக்கூடாது.
மண்டியிட்டேன்.
எதிர்ச்சுவரில் 'இலையை மூடிவிட்டு எழவும்'
என்று எழுதியிருந்தது.
அதைப் பதினேழு தடவை படித்தேன்.

அவளுக்குப் பச்சை.
எனக்கு மூன்று மாதம் கழித்து மறுபடியும்.
கட்டிய அறுநூறு திரும்பாது.
அந்தச் சீட்டையும் இரண்டு கையால்தான் வாங்க வேண்டும்.

வெளியே வேனில் சாய்ந்திருந்த போஜன்
என்னைப் பார்த்ததும் தலையிலிருந்து மஃப்ளரை இழுத்தார்.
"அப்பா, அவரு எனக்கு ஜூனியர்" என்றாள்.
மஃப்ளரை என்ன செய்வதென்று
அவருக்குத் தெரியவில்லை.
நான் இடுப்பு வரை குனிந்தேன்.
இரண்டு பேரில் யாருக்கு என்று
தெளிவாகக் காட்டவில்லை.

மூட்டம் டானிங்டன் வரை இறங்கியிருந்தது.
வேன் கிளம்பியது. இடது விளக்கு மட்டும் சிவப்பு.
பைக்கை எடுத்து, சிக்னலைச் சிமிட்ட விட்டு,
வலது பக்கத்து இருட்டிலேயே
அவர்கள் ஊருக்குத் திரும்பும் வளைவு வரை போனேன்.

ஹெல்மெட்
கூடத்து வாசலிலேயே இருந்தது.