கொக்கி

போர்த்தோ நகரில், ஆற்றிலிருந்து மூன்று தெரு மேலே,
நூற்றித் தொண்ணூறு வயதுக் கட்டடத்தின் உச்சித் தளம்.
முன்பு கிடங்கு. இப்போது வீடு.
"எதுவும் வேண்டாம்" என்றாள் லெயோனில்டி.
கட்டடக் கலைஞன் அதையே கட்டிக் கொடுத்தான்,
சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று
இல்லாமைக்கு விலை போட்டு.

ஒரு மேசை. ஒரு நாற்காலி.
கைப்பிடி இல்லாத அலமாரிகள்:
தொட்டால் திறக்கும்,
எங்கே தொடுவது என்று தெரிந்தால்.
பால் காய்ச்சாத புதுமனைக்கு முதலில் வந்த கொழுந்தன்
ஃப்ரிட்ஜைத் தேடிச் சுவரெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு
பியரைச் சன்னலுக்கு வெளியே குளிரில் வைத்தான்.

பழைய உத்தரங்கள் ஐந்தை மட்டும் விட்டுவைத்தார்கள்.
மணல் பீய்ச்சி, எண்ணெய் பூசி,
விளக்குப் போட்டுக் காட்டுகிற விலா எலும்புகள்.
நடு உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி.
அழகாயிருக்கிறது, இருக்கட்டும் என்றார்கள்.
எதைத் தாங்கியது என்று
யாரும் கேட்கவில்லை.

மழை வந்து சொன்னது.

வடக்குச் சுவரில், முழங்கால் உயரத்தில்,
வெள்ளைக்கு மேல் இன்னொரு வெள்ளை.
பூஞ்சை என்று பயந்தாள்.
பெயின்டர் அபீலியு குனிந்தார்,
சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.
"கருவாடு" என்றார்.

கப்பல் கப்பலாக வடகடலின் காட் மீன்
பிளந்து, உப்பு அப்பி, பலகை போல் விறைத்து
இந்தச் சுவரில் சாய்ந்து கிடந்திருக்கிறது.
ஒரு நூற்றாண்டுக்கு மேல்.
மீன் போயிற்று. தின்ற வாய்கள் போயின.
இந்தக் கொக்கியில் தராசு மாட்டி
எடையில் ஏமாற்றியவனும் போனான்.
உப்பு மட்டும் கல்லுக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது.
உப்பிட்டவரை நினைப்பது
மனிதருக்குச் சொன்னது என்றல்லவா நினைத்திருந்தோம்.

சுரண்டினார். பூசினார். பணம் வாங்கினார்.
பிப்ரவரியில் மறுபடி பூத்தது.
இம்முறை ஜெர்மன் பெயின்ட், சொட்டு ஈரம் கசியாதது.
அது அப்பளம் போல் உப்பி
ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்
சத்தமாகத் தரையில் விழுந்தது.
"மூச்சை அடைத்தால் சுவர் என்ன செய்யும், அம்மா?"
என்றார் அபீலியு.
அதற்கும் பணம் வாங்கினார்.

லெயோனில்டி யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு.
ஊருக்கு வெளியே, விமான நிலையச் சாலையில்,
தகரக் கதவு போட்ட வாடகை அறை ஒன்று.
மாதம் தொண்ணூறு யூரோ.
உள்ளே எண்பத்தாறு அட்டைப் பெட்டிகள்,
பாய் போல் சுருட்டிய கம்பளம், இரட்டைக் கட்டில்,
ஐந்து நாற்காலிகள்.
கிடங்கு வீடாயிற்று.
வீடு கிடங்குக்குப் போயிற்று.

மார்ச்சில் ஒரு நாள், பூட்டுக்கு எண்ணெய் விட்டு,
முப்பத்தொன்றாம் பெட்டியை மட்டும் கிழித்தாள்.
'நொர்பெர்த்து, குளிர்காலம்' என்று எழுதியிருந்தது
அவள் கையெழுத்திலேயே,
யாரோ எழுதியதுபோல.
கோட்டுத் தூரிகை ஒன்றை எடுத்துக்கொண்டாள்.
மற்றதைத் திரும்ப ஒட்ட
டேப் கொண்டுவரவில்லை.
வாய் பிளந்தபடி விட்டு வந்தாள்.

இப்போது காலையில், காப்பிக்கு முன்,
வடக்குச் சுவரருகே உட்கார்ந்து துலக்குகிறாள்.
மெதுவாக, தோளிலிருந்து தூசு தட்டுகிறவள் போல.
உப்பு உதிர்கிறது. தூரிகையின் மயிரில்
இன்னும் சிக்கியிருக்கிற நரைமுடி ஒன்று
உதிர்வதில்லை.

அபீலியுவை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.
கோபித்துக்கொண்டாரா, தெரியாது.
பிறகு ஒரு பிடி உப்பைக் கையில் ஏந்தி
எழுந்து நிற்கிறாள்.
குப்பைத்தொட்டிக்கும் கைப்பிடி கிடையாது.
எங்கே தொட்டால் திறக்கும் என்பது
அவளுக்கே சட்டென்று மறந்துபோகிறது.

மழை இன்னும் விடவில்லை.
மூடிய கையோடு நிற்கிறாள்
கொக்கிக்கு நேர் கீழே.