கைவிடு

குணசீலனின் பேக்கரிக் கொம்பியூட்டரை
யாரோ பூட்டிவிட்டுச் சாவிக்கு விலை கேட்ட கிழமை,
பதினொரு கிழமைச் சம்பளக் கணக்கை
மாப் படிந்த பில்களிலிருந்து
நான் திரும்ப எழுதி எடுத்த கிழமை,
ஏஜாக்ஸில் பனி இரண்டு தரம் கொட்டியது.

சனிக்கிழமை இரவு. பேஸ்மென்டில்
ஃபர்னஸ் மூச்சுவிடும் மூலையில் குந்தியிருந்து
ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன்.
வாங்கிய நாள் முதல் அதன் கடவுச்சொல் ‘அட்மின்’.
வெட்கமாக இருந்தது.
யாரும் பார்க்கவில்லைத்தான்.
பார்க்கவில்லை என்று இனி எப்படிச் சொல்வது?

புத்தகத் தடிப்புள்ள இந்தப் பெட்டிக்கு
அறுபத்தையாயிரத்துச் சொச்சம் வாசல்கள்.
நான் தெரிந்து திறந்தது ஒன்று:
மூவாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பது.
மகளின் நீச்சல் வகுப்பு வாங்கிலிருந்தபடி
வீட்டு வேலையைப் பார்க்கலாம் என்று
மூன்று வருடத்துக்கு முதல் திறந்தது.
சாத்த மறந்தது.

சாத்தினேன்.
தீயரண் என்று பெயர். உள்ளே போய்ப் பார்த்தால்
ஒரு பட்டியல், அவ்வளவுதான்.
யார், எங்கிருந்து, எந்த வாசலுக்கு.
கடைசி வரியில்: மற்ற எல்லாரும்.

மற்ற எல்லாருக்கும் எதிரே
இரண்டு தெரிவுகள்.
பக்கத்தின் மொழியை மகள் பகிடிக்குத்
தமிழாக்கி வைத்திருந்தாள்.

நிராகரி.
கைவிடு.

கையேட்டைப் புரட்டினேன்.
நிராகரித்தால் தட்டியவனுக்கு ஒரு பதில் போகும்:
இங்கே இல்லை, போ.
கைவிட்டால் ஒன்றும் போகாது.
வீடு இருக்கிறதா, வெறும் வளவா,
அவனுக்குத் தெரியாது.
காத்திருப்பான், நேரம் முடியும்,
இன்னொரு தரம் தட்டிப் பார்ப்பான்.
இதுவே பாதுகாப்பானது என்று
தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கைவிட்டேன்.

பதிவேடு உடனே ஓடத் தொடங்கியது.
2:14, இருபத்து மூன்றாம் வாசல்.
2:14, இருபத்திரண்டு.
2:15, நான் சாத்திய அதே வாசல், பழகியவன்போல.
கோபம்கூட இல்லாத தட்டல்கள்.
என் பெயர் அவர்களுக்குத் தெரியாது.
தெருவில் நிற்கும் எல்லாக் கார்க் கதவையும்
ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டு போகிறவன்
எந்தக் காரையும் வெறுப்பதில்லை.

தேத்தண்ணி ஆறியது.
நேரம், எண், பதிலில்லை.
நேரம், எண், பதிலில்லை.
இந்தப் பட்டியலை எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

போனை எடுத்தேன்.
வதனி, மொன்றியல். தவறிய அழைப்பு.
நவம்பர் ஆறு. டிசம்பர் இருபத்தைந்து.
என் பிறந்தநாள்.
பெப்ரவரியில் ஒரேநாள் இரண்டு தரம்.
நான்கு வருடமாக இப்படி.
அவள் பிடித்த சீட்டில் எனக்குப் போனது
ஒன்பதாயிரத்து இருநூறு டொலர்.
அதையாவது விடலாம்.
காசு போகுமென்று தெரிந்த பிறகும்
என் குசினியில் இருந்து புட்டுச் சாப்பிட்டு,
இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டாளே.

கதைக்கமாட்டேன் என்று
நான் ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை.
சொன்னால் அது ஒரு பதில்.
எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறேன்,
நிராகரித்துவிடாமல்.

எங்கேயோ ஒரு அலுவலகத்தில்
மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கிக்கொண்டு
அந்தச் சொல்லைத் தமிழில் போட்டவருக்கு
என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ரவுட்டரில் ஒன்றையும் மாற்றவில்லை.
முகமில்லாதவர்களுக்கு அதுதான் சரி.
போனில் எழுதினேன்:
காசைப் பற்றி இப்ப கதைக்க ஏலாது.
உன்னோடையும் ஏலாது.
ஆனால் நீ எடுக்கிறது எனக்குத் தெரியும்.
அழித்தேன்.
கடைசி வரியை முதலில் வைத்து
திரும்ப எழுதினேன்.

சாம்பல் நிறத்தில் ஒரு சரி.
கொஞ்சம் பொறுத்து இரண்டாவது.
மொன்றியலிலும் மணி இதேதான்.
இரண்டும் நீலமாகின.

மற்றத் திரையில்
2:52, இருபத்து மூன்றாம் வாசல்.