இணைப்பு மூன்று

மேல்விஷாரம் கம்பெனியில் எனக்குத் தோலோடு வேலையில்லை,
தாளோடுதான்.
ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், மூலச் சான்றிதழ், புகையடிப்புச் சான்றிதழ்.
பதினோரு வருஷத்தில் ஒரு ஷூவைக்கூட நான் தைத்ததில்லை.
ஆனாலும் சாயங்கால பஸ்ஸில்
பக்கத்து சீட்காரி மூக்கைப் பொத்துகிறாள்.

மாசியில் வந்தது அந்த ஆர்டர்.
பள்ளிப் பிள்ளைகளுக்குக் கறுப்பு ஷூ,
பதினோராயிரத்து நானூறு ஜோடி.
பணம் ஒரு தேசத்தினுடையது,
பாதம் இன்னொரு தேசத்தினுடையது.
அங்கே சண்டை ஓய்ந்ததா, ஓய்ந்துகொண்டிருக்கிறதா
என்ற ஒரு வினைச்சொல்லுக்காக
முன்னுரையை நான்கு தடவை மாற்றி அனுப்பினார்கள்.

ஒப்பந்தத்தின் வாலில் மூன்று இணைப்புகள்.
ஒன்று, அளவுப் பட்டியல்.
இரண்டு, நாக்குப் பட்டையில் ஒட்டவேண்டிய கொடி,
அதன் நீளம், அகலம், நீலத்தின் நம்பர்.
மூன்று, அரைப் பக்கம்:
இடது மட்டும் தொண்ணூற்றொன்று,
வலது மட்டும் நூற்று முப்பத்து நான்கு.

எழுத்துப் பிழை என்று நினைத்து மெயில் போட்டேன்.
பிழை இல்லை என்று ஒற்றை வரி வந்தது.

சுங்கத்தின் கம்ப்யூட்டருக்கு
ஜோடி தெரியும், டஜன் தெரியும், கிலோ தெரியும்.
அரை ஜோடி என்று அடித்தால்
சிவப்பாகிக் கத்துகிறது.
இந்த இடதையும் அந்த வலதையும் சேர்த்துப் பார்த்தேன்,
தொண்ணூற்றொரு ஜோடி ஆனது,
யாருக்கும் ஆகாத ஜோடி.
மீதி நாற்பத்து மூன்று வலது.
தமீம் சார் வந்து
கால்குலேட்டரை என் கையிலிருந்து வாங்கி
டிராயரில் போட்டு மூடினார்.

சித்திரை வெயிலில் டெல்லியிலிருந்து
இரண்டாம் செயலாளர் வந்தார்.
பாலாற்றுப் பாலத்தில் காரை நிறுத்தி
ஆறு எங்கே என்று கேட்டாராம்.
நல்ல மனுஷன். மோர் குடித்தார்.
ஒரு ஷூவை எடுத்து உள்ளே கைவிட்டு
விரல் நுனிவரை தடவிப் பார்த்தார்.
பிறகு நிதானமாகச் சொன்னார்:
கண்ணிவெடி இருந்ததே இல்லை என்பது அவர்கள் நிலைப்பாடு.
அதை விற்றதே இல்லை என்பது எங்கள் நிலைப்பாடு.
இரண்டு நிலைப்பாடும் ஒத்துப்போக
ரொம்பப் பாடுபட்டிருக்கிறோம்.
இந்த அரைப் பக்கம்தான் இடறுகிறது.

பச்சை மையில் ஒரு குறுக்குக் கோடு.
இருதரப்பும் மனமொப்பி இணைப்பு மூன்றை நீக்கின.
இணை இல்லாதவர்களுக்கு
இணைப்பு எதற்கு என்று
எந்தத் தரப்பும் எழுதவில்லை, நான்தான் நினைத்தேன்.

ஆனால் ஒற்றைகளைத்தான் முதலில் தைத்து முடித்திருந்தது
மூன்றாவது லைன்.
குடியாத்தம் சிரசுக்கு லீவு போட்டுத் திரும்பிய கெங்கம்மா
பிரசாதக் குங்குமத்தை மேஜைமேல் வைத்தாள்.
"தலையக் கொண்டாந்து ஒடம்போட வச்சாங்க.
அப்பிடியே பொருந்திச்சு."
சொல்லிக்கொண்டே மூலையைப் பார்த்தாள்.
டேப் ஒட்டாத ஒன்பது அட்டைப்பெட்டி.
"இதுங்களுக்கு?"

வெளிநாட்டு வியாபாரிக்கு மாதிரி அனுப்பும்போது
நாங்கள் ஒற்றை ஷூதான் அனுப்புவோம்.
ஜோடியாய்ப் போனால் வழியிலேயே
யாராவது மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார்கள்.
சுங்கத்துக்கும் இது தெரியும், கத்தாது.
அன்று ராத்திரி ஏழே காலுக்கு அடித்தேன்:
வியாபார மாதிரிகள். ஒற்றைக் கால்.
விற்பனைக்கு அல்ல. மதிப்பு: இல்லை.
தமீம் சார் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்,
கண்ணாடி இல்லாமலே கையெழுத்துப் போட்டார்.

ஆவணியில் ரசீது வந்தது.
ஜோடிகள் எண்ணிச் சரிபார்க்கப்பட்டன.
கொடிகள் சரியான நீலத்தில் இருந்தன.
மாதிரிகள் என்ற கட்டத்தில்
பேனாவால் ஏதோ ஒரு கீறல்,
வந்ததற்கான டிக்கா, இல்லை என்ற கோடா,
ஸ்கேனில் பிடிபடவில்லை.
பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாக உடைந்தது.

லைனிலிருந்து மைமூன் எட்டிப் பார்த்தாள்.
"போச்சா?"
போச்சு என்றேன்.
எந்தப் போச்சு என்று
அவள் கேட்கவில்லை.