எட்டு நிமிடம்

ஆகஸ்ட் ஆறு, கொடியேற்று.
ஒன்பது, நாலாந் திருவிழா.
நவநாள் முடிந்து ஆசீரும் முடிந்து
குருசடி முன்னால் தார்ப்பாய் விரித்துப் பட்டிமன்றம்.
தலைப்பு வாசகசாலைப் பையன்கள் போட்டது:
போரை முடிக்க அணுகுண்டு போட்டது சரியா, தவறா.
தேதிக்குப் பொருத்தமாம்.

நான் மணி அடிப்பவள்.
ஆளுக்கு எட்டு நிமிடம். ஏழாவதில் ஒரு தட்டு,
எட்டில் இரண்டு.
பூசையில் அப்பம் உயர்த்தும்போது அடிக்கிற அதே மணி;
கோயில்பிள்ளை ஜெராசிமூஸ்
நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார்.

தவறு என்று பேச ஆல்பினா,
தக்கலை ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
தோல் உரிந்ததைச் சொன்னாள். தண்ணீர் கேட்டதைச் சொன்னாள்.
தீக்காய வார்டில் தண்ணீர் கேட்கும் குரல் அவளுக்குத் தெரியும்,
அதனாலோ என்னவோ அந்த இடத்தை வேகமாகக் கடந்தாள்.
நம்ம மணலிலும் யுரேனியம் இருக்கு என்றாள்.
மணல் ஆலையில் முப்பது வருடம் இருந்த நடுவர்
மைக்கைப் பிடுங்கி, "தோரியம், தங்கச்சி, தோரியம்" என்றார்.
எல்லோரும் சிரித்தோம்,
தார்ப்பாய்க்கு அடியில் கறுத்த மணல் இன்னும் சூடாறாமல்.

சரி என்று பேச கிளீட்டஸ்.
சீட்டுக் குலுக்கியதில் அவனுக்கு விழுந்த பக்கம்.
நன்றாகப் பேசினான், அதுதான் சங்கடம்.
படை இறங்கியிருந்தால் எத்தனை லட்சம்,
பட்டினியில் எத்தனை,
சாதாரணக் குண்டிலேயே ஏற்கெனவே எரிந்த ஊர்கள் எத்தனை.
"கப்பலேறி வீடு திரும்புன பையன்
திரும்பாமலே இருந்திருக்கணுமா? அவன் தாய்ட்ட சொல்லுங்க."
யாரும் சொல்லவில்லை.
"அப்போ கணக்குப் பாருங்க. அந்தப் பக்கம் இத்தனை,
இந்தப் பக்கம் இத்தனை" என்று
இரண்டு கையையும் தராசாக ஏந்தினான்.

அப்படியே நின்றான.

எங்கள் கரையில் கணக்கு என்ற சொல்லை
லேசாக எடுத்துவிட முடியாது.
ஒக்கி அடித்துப்போன பிறகு
தாசில்தார் கையில் ஒரு கணக்கு, பங்குப் பேரேட்டில் ஒரு கணக்கு.
இரண்டுக்கும் நடுவில் விழுந்தவர்களில்
கிளீட்டஸின் தம்பி ரெஜினும் உண்டு.
எத்தனையோ மாதம் அவன் செத்தவனும் இல்லை, வந்தவனும் இல்லை.
திங்கட்கிழமைதோறும் நாகர்கோவில் போய்
அண்ணன்காரன் மனு நீட்டுவான்:
ஒரு ஆளைக் கூட்டி எண்ணுங்க சார்.

ஆறு நிமிடம் இருபது விநாடி.
ஜெனரேட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
காகிதத்தைத் திருப்பினான், மறுபடி திருப்பினான்.
பிறகு சொன்னது எந்த அணிக்கென்று எனக்குத் தெரியவில்லை.

"வேற ஊருக்குத்தான் கொண்டுபோனது.
அங்க மேகம் மூடிக் கிடந்துச்சு. அதனால நாகசாகி.
இதே ஒன்பதாந் தேதி, பதினொண்ணு ரெண்டு.
கோயில்ல பாவசங்கீர்த்தனம் நடந்துட்டிருந்துச்சாம்,
பதினஞ்சாந் தேதி மாதா திருநாளுக்கு.
வரிசையில நின்னவங்கள்ல
சொல்லி முடிச்சவங்க எத்தன பேரு,
சொல்லாதவங்க எத்தன பேரு,
தேடிப் பாத்தேன்.
கிடைக்கல்ல."

உட்கார்ந்துவிட்டான்.

தவறே என்று தீர்ப்பானது. கடைசி பஸ்ஸுக்கு அவசரம் நடுவருக்கு;
சரி அணி நல்லாத் தொடங்கி வழி தவறிவிட்டது என்றார்.
ஆல்பினாவுக்குக் குக்கர், கிளீட்டஸுக்கு டார்ச்.
குக்கரை மடியில் வைத்து ஆட்டோவுக்குக் காத்திருந்த ஆல்பினா
பக்கத்தில் அவன் வந்து நின்றபோது
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

என் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மிச்சம்.
மிச்சத்தை என்ன செய்வதென்று விதிமுறைத் தாளில் இல்லை.

மணியின் நாக்கைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டு
கோயில்வரை நடந்தேன்.
வாசல் பலகையில் ஜெராசிமூஸின் சாக்பீஸ் எழுத்து:
பாவசங்கீர்த்தனம், பதினாலாந் தேதி,
காலை பதினொரு மணி முதல்.