உதிரி

நாகமலையைப் பார்த்த சன்னல். எலிகள் அதைப் பார்ப்பதில்லை.
மூன்றாம் கூண்டில் உமி மறுபடி நனைந்துவிட்டது.
காலையில் நிரப்பிய புட்டி
பதினோரு மணிக்கே காலி.
ஊசி போட்டு ஒன்பதாம் நாள்.
சவரிமுத்து அண்ணன் ஈர உமியைத் தட்டிக் கொட்டியபடி
"நமக்கும் இதே கதைதாம்மா,
ராத்திரி நாலு தடவ" என்கிறார்.

பிக்ரிக் அமிலத்தில் பஞ்சைத் தோய்த்து
அடையாளம் வைத்திருக்கிறேன்:
தலையில் மஞ்சள், முதுகில் மஞ்சள், வாலடியில் மஞ்சள்,
தலையும் முதுகும், முதுகும் வாலும்.
எதுவுமே இல்லாதது ஆறாவது.
பெயர் வைக்கக் கூடாது என்பது யாரும் எழுதாத விதி.
ஆறாவது என்பதே
போகப்போகப் பெயராகிவிட்டது.

மாவுக் கரைசல் குழாய் வழியே இறங்கும்.
பூஜ்யம், முப்பது, அறுபது, தொண்ணூறு, நூற்றிருபது.
வால் நுனியில் ஒரு சொட்டு, பட்டையில் ஓர் எண்.
மருந்து கொடுக்காத மூன்றாம் கூண்டில் நானூற்றுப் பன்னிரண்டு,
கொடுத்த நான்காம் கூண்டில் இருநூற்று எண்பத்தெட்டு.
வரைபடத்தில் ஒரு மேடு,
அதற்குக் கீழே இன்னொரு மேடு.
இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைக் காகிதம்
என் நான்கு வருடம்.

"உள்ள போயி என்னதான் செய்யுது?"
மாட்டுத்தாவணிப் பூக்கடையைச் சொன்னேன்.
மாவு கட்டிய சரம், அண்ணே.
குடல் சுவரில் உட்கார்ந்திருக்கும் விரல்கள்
ஒவ்வொரு பூவாக உருவிப் போட்டால்தான்
ரத்தம் எடுத்துக்கொள்ளும்.
மருந்து அந்த விரல்களைப் பிடித்துக்கொள்கிறது.
சரம் சரமாகவே கீழே போகிறது.
"போறது சும்மாவா போகுது" என்று
வயிற்றைத் தடவினார்.
அப்போதுதான் தெரியும்,
பெரியாஸ்பத்திரிச் சீட்டில் அவருக்கும் அதே மருந்து,
முதல் கவளத்தோடு,
கூடவே கணையத்தை உசுப்பும் மாத்திரை ஒன்று.

பிறகு அந்த வியாழக்கிழமை.
விளாங்குடியில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்
ஒற்றை இட்லி, இரண்டு மாத்திரை.
புட்டி கழுவும் தொட்டியோரம் சரிந்து கிடந்தார்,
சட்டை தெப்பம், வார்த்தை குழறல்.
கேண்டீனிலிருந்து சர்க்கரை அள்ளிப் போட்ட டீ வந்தது.
ஹெப்சிபா மேடம் மிட்டாயைப் பிரித்தார்.
சர்க்கரையும் சரம்தான்,
இரண்டே பூ, ஆனாலும் முடிச்சு.
அவிழ்க்கும் விரல்கள் கட்டுண்டு கிடக்கின்றன.
ஓடினேன்.
தராசுக்குப் பக்கத்தில் குளுக்கோஸ் டப்பா,
மேலே என் கையெழுத்தில்: எலிகளுக்கு மட்டும்.
உதிரி. வெறும் உதிரி.
எடை பார்க்காமல் அள்ளியது அன்றுதான்.

புது ஊசி, எலிகளின் கருவி.
நாற்பத்தாறு.
கால் மணி கழித்து எழுபத்தொன்பது.
தலைமஞ்சளுக்கும் முதுகுமஞ்சளுக்கும் இடையே
அந்த இரண்டு எண்களும் நினைவகத்தில் இருக்கின்றன.
சராசரியில் சேர்க்கவில்லை.
அழிக்கவும் இல்லை.

இருபத்தெட்டாம் நாள்.
ஆய்வேட்டில் நாங்கள் எழுதும் ஆங்கிலச் சொல்லைத்
தமிழில் சொன்னால் பலி.
பாண்டி கோயிலில் ஆட்டின்மேல் மஞ்சள்தண்ணி தெளித்து
அது உடம்பை உலுக்கும்வரை நிற்பார்கள்.
உலுக்கினால் சம்மதம்.
இங்கே மஞ்சள் முதல் நாளே வைத்தாயிற்று.
நிற்பதற்கு நெறிமுறையில் நிமிடம் ஒதுக்கவில்லை.
பிடறியைப் பிடித்தால் எல்லாமே உலுக்குகின்றன,
அதற்கு என்ன பொருள் என்று
எந்தக் கோயிலில் கேட்பது?

சவரிமுத்து அண்ணன் லீவு போடவில்லை.
கூண்டைத் தூக்கி வந்து வைத்தார்.
ஆறாவதைக் கையில் எடுத்தவர்
கொஞ்ச நேரம் கொடுக்கவில்லை.
"இது மருந்து வாங்குச்சா, வாங்கலையா?"
வாங்கல, அண்ணே.
"ம்."

வெள்ளிக்கிழமை காலை
பழக்கத்தில் மூன்றாம் கூண்டின் புட்டியை நிரப்பிவிட்டேன்.
மாலை வரை
கோடு இறங்காமல் நின்றது தண்ணீர்.