தாள்

முதல் கடிதம் கெட்டித் தாளில் வந்தது.
தடவினால் விரலில் தட்டுப்பட்டது
புடைத்த அச்சில் ஒரு நாரை.
ஃபென்மோர் ஏர் சார்ட்டர், லூட்டன்.
'அன்புள்ள திரு. சுகிர்தம்' என்று தொடங்கியிருந்தான்.
நான் திருத்தவில்லை.
பேர்ணாம்பட்டில், ஆவாரம்பட்டை ஊறும் நெடியில்
டைப் அடிப்பவள் ஒரு பெண் என்று
அவனுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

மூன்று விமானங்கள். மூன்றும் வேறொருவன் ஓட்டிக் கழித்தவை.
வெள்ளிக்கிழமை ராத்திரி மஜோர்காவுக்கு
வெயில் காயப் போவார்களாம்.
எங்களிடம் கேட்டிருந்தால் சும்மாவே தந்திருப்போம்.
இருக்கையில் தலை சாயும் இடத்துக்கு மட்டும்
ஆட்டுத்தோல், இளநீலம், அறுநூறு.
அமீனுத்தீன் சாயபு சாயத் தொட்டியை எட்டிப் பார்த்து
"இது ஏற்கெனவே அங்க மேல இருக்கே" என்றார்.

குடியாத்தம் சந்தையிலிருந்து நடந்தே வந்த ஆடுகள்
முதல் தவணையில் முந்நூறு பறந்தன.

இரண்டாம் கடிதத்தில் தாள் மெலிந்தது.
நாலாவதில் நாரையைக் காணோம்.
ஆறாவதில் பழைய முகவரியைப் பெருக்கல் குறியாய் அடித்துவிட்டு
மேலே வேறொரு தெரு.
ரிப்பன்கூட மாற்றவில்லை,
எழுத்தைவிட எழுத்தின் பள்ளம்தான் தெரிந்தது.
"பாய், இவங்களுக்கு இனிமே கடன் வேண்டாம்" என்றேன்.
கணக்குப்பிள்ளை சிரித்தார்:
"தாளைப் பார்த்தா கம்பெனியை எடை போடுவே?"

பிறகு தந்தி.
இறங்கிய கட்டணம் பாக்கி என்று
ஒரு விமானத்தைச் சங்கிலி போட்டுப் பிடித்துவிட்டார்கள்.
நூற்றுப்பத்தொன்பது பேர், தோல் உரிந்த முதுகோடு,
மஜோர்காவில் தரையில் படுத்துக் கிடந்தார்கள்.
பதினேழு மாதம்.
அவ்வளவுதான் அந்தக் கம்பெனியின் ஆயுசு.

மீதி முந்நூறு கிடங்கில்.
நீலத்தை எந்த ஷூக்காரனும் கேட்கவில்லை.
சாயபு செருப்புத் தைக்கச் சொன்னார்,
கூலியோடு ஆளுக்கு ஒரு ஜோடி.
தலைக்கென்று பதனிட்டது காலுக்கு வந்தது.
ஐப்பசியில் விழுந்த அந்தப் பெருநாளில்
பஜார் தெரு முழுக்க இளநீலம் நடந்து போனது.
மறுநாள் மழை. சாயம் இறங்கி
ஊரில் பாதிப் பேருக்குப் பாதம் நீலம்.
சர்ச்சில் முழங்காலிட்டபோது
என் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நாலு வருஷம் கழித்து, கம்பெனியைக் கலைத்தவரிடமிருந்து:
பவுண்டுக்கு இரண்டு பென்ஸ் வீதம்,
கூடவே செக்.
பாங்குக் கமிஷன் அதைவிட அதிகம்.
குண்டூசி குத்தி ஃபைலில் வைத்தேன்.

தாள் என்னவோ
நல்ல கெட்டித் தாள்.