அசையாதே, மெர்வின்

நாலு வருஷமாய் நானும் அவனும்
பேசிக்கொண்டதெல்லாம் வக்கீல் தாளில்.
இன்று எல்லைக் கம்பிக்கு அந்தப்பக்கம்
செம்மண்ணில் உட்கார்ந்து
என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான்,
கடன் கேட்பவன் மாதிரி, மெதுவாக.

"பழுப்பு" என்றான்.
மேற்குக் குவீன்ஸ்லாந்தில் நிறத்தைச் சொன்னால் போதும்,
பாம்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

கெண்டைக்காலில் இரண்டு கீறல்.
பூனை பிராண்டினால்கூட இதைவிடப் பெரிதாயிருக்கும்.
வீக்கமில்லை. ரத்தம் கடுகளவு.
ஒன்றுமில்லை என்று எழுந்து
வண்டிக்கு நடக்கப் பார்த்தான்.

அசையாதே, மெர்வின்.
நீ நடந்தால் அதுவும் உன்னோடு நடக்கும்.
நீ உட்கார்ந்தால்
அதற்கும் கொஞ்சம் களைப்பாயிருக்கும்.

கழுவக் குடுவையைத் தூக்கினான், தட்டிவிட்டேன்.
தோலில் ஒட்டிய ஈரத்தைத்தான்
எந்தப் பாம்பென்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள்.
கத்தியை எடுத்தான், பிடுங்கி மடக்கி
என் பையில் போட்டுக்கொண்டேன்.
கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்குவது
எல்லாம் இவன் அப்பன் பார்த்த சினிமா.

நாய்க்கென்று வாங்கிய இழுவைத்துணி
இரண்டு சுருள், வண்டிக்குள் கிடந்தது.
கடிவாயின்மேல் முதல் சுற்று.
பிறகு விரல் நுனியிலிருந்து மேலே, மேலே,
கால்சட்டையைக் கழற்றாமல், அதன்மீதே,
முட்டி தாண்டி, தொடை தாண்டி,
சுளுக்கிய காலுக்குக் கட்டும் அதே இறுக்கத்தில்.
விரல் மட்டும் வெளியே,
நிறம் மாறுகிறதா என்று பார்க்க.

ஒரு கணம், ஒளிக்கவில்லை,
கொஞ்சம் தளர்த்திக் கட்டினால் என்ன
என்று என் கை நினைத்தது.
கைதான் நினைத்தது. அதற்குள்
அடுத்த சுற்று விழுந்துவிட்டது.

ஆட்டுக் காதுப்பட்டையில் எண் எழுதும் பேனாவால்
கடி இருக்குமிடத்தில் துணிமேல் பெருக்கல் குறி.
பக்கத்தில் நேரம்: பத்து நாற்பது.

காலை அசையாமல் வைக்க ஒரு கழி வேண்டும்.
கண்ணுக்கெட்டியவரை கிட்ஜி மரம்கூட இல்லை.
இருந்தது ஒரே ஒரு முளை.
நீதிமன்றத்தில் சான்று மூன்று.
பதினோரு அடி தள்ளி நட்டாய் என்று நானும்
இல்லவே இல்லை என்று அவனும்
சத்தியம் செய்த அதே முளை.
ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன்.
அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான்.
இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வானொலியில் கொரீன்.
என் தங்கை, அவன் மனைவி.
விமானம் கிளம்பிவிட்டது, ஒன்றரை மணி நேரம் என்றாள்.
அப்புறம், "நீதானா அங்கே?" என்றாள்.
நான்தான்.

ஒன்றரை மணி நேரம்.
வண்டியின் நிழல் எங்கள் மேலிருந்து
கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டேயிருந்தது.
இமை தொங்குகிறதா என்று
அவன் முகத்தையே பார்த்தேன்.
நாலு வருஷமாய்ப் பார்க்காத முகம்.
மூக்கின்மேல் புதுத் தழும்பு.

"ஏழு" என்றான் திடீரென்று.
"எது ஏழு?"
"உன் ஆடு. நான் ஓட்டிக்கொண்டது ஏழு."
"பதினொன்று."
"ஏழு. நாலு டிங்கோ தின்றது."
எனக்கு ரத்தம் ஏறியது. அவனுக்கும்.
பேசாதே, மெர்வின். மூச்சை மெதுவாக விடு.
இந்தச் சண்டை உன் இதயத்தை ஓடவைக்கும்.
பாம்பு கேட்பதும் அதைத்தான்.
வாயை மூடிக்கொண்டான்.
ஏழா, பதினொன்றா
என்று கண்ணால் சண்டை போட்டோம்.

விமானம் தூசியில் இறங்கியபோது
அவன் கணுக்கால்மேல் இருந்த என் கையை
எடுக்க மறந்திருந்தேன்.
அந்த நர்ஸ் சொல்லித்தான் எடுத்தேன்.
கட்டைத் தொடவில்லை அவள்,
அங்கே போய் அவிழ்ப்போம் என்றாள்.

மூன்று வாரம் கழித்து
எல்லைக் கம்பியில் ஒரு பை தொங்கியது.
துவைத்துச் சுருட்டிய துணி, இரண்டு சுருள்.
பெருக்கல் குறி போகவில்லை.
துணியைப் பிடித்து வைக்கும் கொக்கி நாலில்
ஒன்று குறைந்தது.

முளை இருந்த குழி அப்படியேதான் இருக்கிறது.
மழை வந்தால் அதில் தண்ணீர் நிற்கும்.
வழக்கு ஆகஸ்டுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.